தலையெழுத்தும் தாள் எழுத்தும்

மக்கு!

மூன்றே எழுத்து. உச்சரிக்க ஒரு நொடி போதும். ஆனால் ஆசிரியரின் வாயிலிருந்து புறப்பட்டுவிட்டால் அது சொல்லாக நிற்பதில்லை, தீர்ப்பாகிவிடுகிறது. விசாரணை இல்லாத தீர்ப்பு. வாதாட வழக்கறிஞர் இல்லாத தீர்ப்பு. மேல்முறையீட்டுக்கு மன்றமே இல்லாத தீர்ப்பு. தண்டனை மட்டும் உண்டு, அதுவும் ஆயுள் தண்டனை!

அந்தத் தீர்ப்பை நாமும் வழங்கியிருக்கிறோம். அதைச் சொல்லவே இதை எழுதுகிறோம். ஊரார் குற்றத்தை எடுத்துரைக்க மேடைகள் நிறைய உண்டு. நம் குற்றத்தை எடுத்துரைக்கும் இடமாக இந்தப் பக்கம் இருக்கட்டும்.

கல்லூரியில் வரலாறு பயின்று, ஆசிரியப் பயிற்சி முடித்து, சிற்றூர் ஒன்றின் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு அது. பகலில் வகுப்பறை, மாலையில் படிப்பகம், விடுமுறை நாளில் கூட்டம். விதி என்பது வீணர் கட்டிய கதை, முன்வினை என்பது மூடர்க்கு விரித்த வலை என்று நாம் பேசும்போது கைதட்டுவார்கள். அந்தக் கையொலி காதில் இனித்திருந்த காலம்.

பெரியார் பிறந்த செப்டம்பர் 17ஆம் நாள், சமூகநீதி நாளாகக் கொண்டாடப்படும் என்று 2021இல் தமிழ்நாடு அரசு அறிவித்ததை நீங்கள் அறிவீர்கள். 2023ஆம் ஆண்டு அந்த நாள் நெருங்கிய வாரத்தில், பத்தாம் வகுப்பு வரலாற்றுப் பாடநூலின் கடைசிப் பகுதியில் இருக்கும் சுயமரியாதை இயக்கப் பாடத்தை ஆர்வ மிகுதியால் முன்கூட்டியே எடுத்துக்கொண்டோம். நாம் விளக்கி முடித்த பின் மாணவர்கள் ஒவ்வொருவராக எழுந்து படிக்க வேண்டும். சன்னலோரத்துக் கடைசிப் பலகை மாணவனின் முறை வந்தது.

எழுந்தான். நூலைக் கையில் எடுத்தான். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "வைக்கம் பேராட்டம்" என்றான்.

"போராட்டம்" என்று திருத்தினோம்.

"பே... பேர..." என்றான் மீண்டும்.

வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம் என்பதை மறைக்க மாட்டோம். சிரிப்போடு விட்டிருந்தாலும் பாதிக் குற்றத்தோடு போயிருக்கும். "பத்தாம் வகுப்புக்கு வந்து 'போராட்டம்' படிக்கத் தெரியவில்லை. மக்கு! உட்கார்!" என்றோம்.

உட்கார்ந்தான். மறுநாள் அவன் இடம் காலியாக இருந்தது. அதற்கு மறுநாளும். அதற்கடுத்த நாளும்.

எந்தப் பாடம் அது? மனிதனுக்கு மரியாதை கேட்டுப் போராடிய இயக்கத்தின் பாடம். அதை நடத்திய வகுப்பிலேயே ஒரு மாணவனின் மரியாதையைப் பறித்தோம்! இந்த முரண்பாடு அன்றே நமக்கு உறைத்தது என்று எழுதினால் அது பொய். ஐந்தாம் நாள் அவன் வீட்டு வாசலில் நின்றபோதுதான் உறைத்தது.

ஓட்டு வீடு. தாய் வெளியே வந்தார். தந்தை அரிசி ஆலையில் மூட்டை சுமப்பவர். "பிள்ளை ஏன் பள்ளிக்கு வரவில்லை?" என்று கேட்டோம். அந்த அம்மையாரின் குரலில் கோபமே இல்லை.

"படிப்பு அவன் தலையிலே எழுதலைங்க சார். மூணாவதிலிருந்தே எல்லா வாத்தியாரும் அதைத்தான் சொன்னாங்க. இப்ப நீங்களும் சொன்னீங்களாமே. அதான், அவங்கப்பாகூட ஆலைக்குப் போகட்டும்னு விட்டுட்டோம்."

தலையில் எழுதவில்லை! அந்தச் சொல்லை அந்தத் தாய்க்குக் கற்றுக்கொடுத்தது கோயில் பூசாரி அல்லர்; சோதிடரும் அல்லர். ஏழாண்டுகளாகப் பள்ளிக்கூடம் கற்றுக்கொடுத்தது. அதற்குக் கடைசி முத்திரை குத்தியது நாம். மாலையில் மேடையேறி, பிரமன் எழுதினான் என்பது பித்தலாட்டம் என்று முழங்கிய நாம், பகலில் அந்தப் பிரமனுக்கே எழுத்தர் வேலை பார்த்திருக்கிறோம்!

ஆலைக்குப் போனோம். பின்புறத்தில் தவிட்டு மூட்டைகளின் வாயைக் கோணி ஊசியால் தைத்துக்கொண்டிருந்தான். நம்மைக் கண்டதும் எழுந்து நின்றான், முகத்தைப் பார்க்கவில்லை. 1953இல் இந்த மாநிலத்தில் ஒரு கல்வித் திட்டம் வந்தது. சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு நாளில் ஒரு பகுதி பள்ளி. மீதி நேரம் பெற்றோரின் தொழில். குலக்கல்வி என்று அதற்குப் பெயரிட்டு எதிர்த்து நின்றது நம் இயக்கம். 1954இல் காமராசர் முதலமைச்சராக வந்ததும் அது கைவிடப்பட்டது. அந்த வரலாற்றைத் தேதி மாறாமல் நாம் சொல்வோம். இதோ, நம் கண் முன்னே தந்தையின் தொழிலுக்குத் திரும்பிவிட்ட பிள்ளை! அரசாணை தேவைப்படவில்லை; ஒரு சட்டமன்ற விவாதம் தேவைப்படவில்லை; ஆசிரியரின் மூன்றெழுத்து போதுமானதாக இருந்தது.

மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்து அவனையும் உட்காரச் சொன்னோம். என்ன பேசுவதென்று தெரியாமல், "வைக்கத்தில் என்னப்பா நடந்தது?" என்று கேட்டோம். நூல் இல்லை; எழுத்து இல்லை. அவன் சொல்லத் தொடங்கினான். 1924இல் நடந்தது என்றான். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் சிலர் நடக்கவே கூடாது என்று தடுத்தார்கள் என்றான். தலைவர்கள் சிறைக்குப் போனதும் ஈரோட்டிலிருந்து பெரியார் போனார், இரண்டு முறை சிறையில் அடைத்தார்கள், நாகம்மையாரும் போய்ப் போராடினார் என்றான். நாம் வகுப்பில் பேசியதில் பாதியை முதல் பலகை மாணவர்கள் மறந்திருந்தார்கள். இவன் ஒன்றையும் விடவில்லை.

காதால் கேட்டதை இவ்வளவு தெளிவாக அறிந்தவன், கண்ணால் கண்ட எழுத்தின் முன் ஏன் தடுமாறினான்?

ஏன்? பகுத்தறிவின் முதல் எழுத்து இந்தக் கேள்விதான். இடி இடித்தால் ஏன் என்று கேட்கச் சொன்னோம். அம்மை வந்தால் ஏன் என்று கேட்கச் சொன்னோம். ஒரு பிள்ளைக்குப் படிப்பு வரவில்லை என்றால் மட்டும் கேள்வி கேட்காமல் தீர்ப்புக் கூறினோம். காரணம் தேடாமல் 'அவன் பிறவி அப்படி' என்பவனுக்கும், 'அது அவன் கர்மம்' என்பவனுக்கும் என்ன வேறுபாடு? ஒருவன் பூணூலோடு சொல்கிறான். மற்றவன் பட்டத்தோடு சொல்கிறான். இவ்வளவுதான்!

மறு வாரம் அவன் பள்ளிக்கு வந்தான். தாய் கொண்டுவந்து விட்டார். நாம் முன்பே முடிவு செய்திருந்தோம். அவமதிப்பு நடந்தது 42 பேர் முன்னிலையில். மன்னிப்பை மட்டும் மறைவில் கேட்டால் அது மன்னிப்பன்று. நம் கௌரவத்துக்குப் போட்ட திரை. எனவே வருகைப் பதிவு முடிந்ததும் வகுப்பின் முன் நின்று சொன்னோம்: "போன வாரம் இந்த மாணவனை நாம் ஒரு சொல் சொன்னோம். அது தவறு. அவனுக்கு வைக்கம் தெரியும். நமக்குத்தான் அவனைத் தெரியவில்லை. அவனிடம் மன்னிப்புக் கேட்கிறோம்." வகுப்பில் ஓசையே இல்லை. அவன் தலை நிமிரவில்லை. கதைகளில் வருவது போலக் கண்ணீர் பெருகவும் இல்லை. ஆனால் மறுநாளும் வந்தான். நமக்கு அது போதுமானதாக இருந்தது.

பிறகு வட்டார வள மையத்துக்குச் சென்று சிறப்புப் பயிற்றுநரைத் தேடினோம். தொகுப்பூதியத்தில் பல பள்ளிகளைச் சுற்றி வரும் அம்மையார் அவர். ஒரு முற்பகல் முழுவதும் அவனோடு அமர்ந்தார். எழுதச் சொன்னார், படிக்கச் சொன்னார், கேட்டுச் சொல்லச் சொன்னார். பிறகு நம்மிடம், "கற்றல் குறைபாடு போலத் தெரிகிறது, மருத்துவர் பார்த்து உறுதி செய்ய வேண்டும். டிஸ்லெக்சியா என்று கேள்விப்பட்டதில்லையா?" என்றார். கேள்விப்பட்டிருந்தோம். பயிற்சிக் கல்லூரியில் ஐந்து மதிப்பெண் வினாவுக்கு விடையாகப் படித்தோம், எழுதினோம், மறந்தோம். வினாத்தாளில் வந்ததை அறிந்தோம். வகுப்பில் வந்தபோது அறியவில்லை.

இது புதுமையான கண்டுபிடிப்பும் அன்று. அந்தப் பெயரை 1887இல் செருமானியக் கண் மருத்துவர் ருடால்ஃப் பெர்லின் சூட்டினார். 1896இல் இங்கிலாந்தின் மருத்துவர் பிரிங்கிள் மார்கன், 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றிப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். அறிவுள்ளவன், விளையாட்டில் சுறுசுறுப்பானவன், கணக்குப் போடக்கூடியவன், எழுத்து மட்டும் வசப்படவில்லை. பாடமெல்லாம் வாய்மொழியாகவே இருந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் கூறியதையும் மார்கன் குறித்து வைத்தார். அந்த ஆசிரியர் அன்றே கண்டதை, ஏறத்தாழ 127 ஆண்டுகளுக்குப் பின் ஓர் அரிசி ஆலையின் பின்புறத்தில் நாம் கண்டோம்!

இது கண்ணின் குறை அன்று. அறிவின் குறையும் அன்று. சோம்பலும் அன்று. ஒலியையும் எழுத்தையும் விரைந்து பிணைக்கும் வேலையை அந்த மூளை நம் மூளையைப் போலச் செய்வதில்லை. நமக்கு மூச்சு விடுவது போல நிகழ்வது, அவனுக்கு ஒவ்வொரு முறையும் மூட்டை தூக்குவது போல நிகழ்கிறது.

அம்மையார் ஒரு தாளில் 'போ' என்று பெரிதாக எழுதினார். "இதை எப்படி ஒலிக்கிறீர்கள்?" என்று நம்மைக் கேட்டார். முதலில் ப், பின்னர் ஓ. "எப்படி எழுதுகிறீர்கள்?" முதலில் இரட்டைக் கொம்பு, பிறகு ப, அதன் பின் துணைக்கால். ஒலியில் பின்னால் வருவது எழுத்தில் முன்னால் நிற்கிறது. 'ஓ' என்ற ஒரே ஒலியின் குறி இரண்டாகப் பிளந்து இரு பக்கமும் காவல் நிற்கிறது. துணைக்காலோ 'ர'வுக்கு உடன்பிறப்புப் போன்ற உருவம். அதை அடுத்து உண்மையான 'ரா' வேறு வருகிறது. "அவன் இரட்டைக் கொம்பைப் பார்த்தான், 'பே' என்றான். அடுத்து நிற்பது காலா, ரவா என்று திகைத்தான். 'பேராட்டம்' வந்தது. இதில் மக்குத்தனம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்.

நாம் பதில் பேசவில்லை. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 என்று பெருமையோடு ஒப்பித்திருக்கிறோம். பிள்ளையின் பக்கத்தில் நின்று அந்த 247ஐயும் ஒரு முறையேனும் பார்த்தோமா? ல, ள, ழ, ர, ற, ந, ன, ண, குறில் கொம்பு, நெடில் கொம்பு. நாம் ஓடிக் கடந்த தெருவில் அவனுக்கு எத்தனை பள்ளங்கள்!

தோழர்களே! பிள்ளையின் பக்கத்தில் நின்று எழுத்தைப் பார்த்த ஒருவர் நம் வரலாற்றில் உண்டு. பள்ளிப் படிப்பைச் சிறு வயதிலேயே விட்டவர் அவர். 1935இல் 'குடிஅரசு' ஏட்டில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கையில் எடுத்தார் பெரியார். ணா, றா, னா ஆகியவை அன்று துணைக்கால் இல்லாமல் சுழிந்து வேறுருவில் நின்றன. ணை, லை, ளை, னை ஆகியவை மற்ற ஐகார எழுத்துகளோடு ஒட்டாமல் தும்பிக்கை தூக்கி நின்றன. விதிக்கு அடங்காத இந்த உருவங்களைத் தனித்தனியே நெட்டுருப் போட வேண்டியிருந்தது. 'காவுக்குக் கால் போட்டால் ணாவுக்கும் கால் போடு' என்பதுதான் அவர் முறையின் சாரம். பழமை போயிற்று, தமிழே போயிற்று என்று பதறியவர்கள் உண்டு. அவருடைய நூற்றாண்டு தொடங்கிய 1978இல், எம்.ஜி.ஆர். அரசின் ஆணையால் 13 எழுத்துகள் மாறின. இந்தக் கட்டுரையை நீங்கள் படிப்பதும் அந்த எழுத்திலேதான்.

இதன் பொருள் என்ன? எழுத்துக்கும் பிள்ளைக்கும் ஒத்துவராதபோது, புலவர் பிள்ளையைத் திட்டினார். பெரியார் எழுத்தைத் திருத்தினார்! எழுத்து மனிதன் செய்தது. செய்தவன் மாற்றலாம் என்றார். பாடமுறை மட்டும் வானத்திலிருந்தா இறங்கியது? தேர்வுமுறை கல்லில் பொறித்த வேதமா? எழுத்தையே திருத்தத் துணிந்த இயக்கத்தின் பிள்ளைகளாகிய நாம், கற்பிக்கும் முறையைத் திருத்தத் தயங்குவானேன்?

திருத்தினோம். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கரும்பலகையில் எழுத்தைப் பெரிதாக்கினோம்; எழுதும்போதே உரக்கச் சொன்னோம். நீண்ட சொல்லை அசை அசையாகப் பிரித்தோம். ஒரு வரி மட்டும் தெரியுமாறு கீழ்வரிகளை மறைக்க ஓர் அட்டை கொடுத்தோம். திடீரென்று எழுப்பிப் படிக்கச் சொல்வதை நிறுத்தினோம். படிக்க வேண்டிய பகுதியை முந்தின நாளே சொன்னோம். வாய்மொழியாகவும் விடை கேட்டு, அதற்கும் மதிப்பெண் கொடுத்தோம். பயிற்றுநர் அம்மையார் வரும் நாள்களில் மணல் தட்டில் விரலால் எழுதிக்கொண்டே ஒலிக்கச் செய்தார். பத்தாம் வகுப்பு மாணவன் மணலில் எழுதுவதா என்று அவனுக்கு முதலில் வெட்கம். தனியறையில் என்றதும் ஒப்புக்கொண்டான்.

"ஒருவனுக்காக நாற்பது பேரின் நேரத்தை வீணாக்குவதா? தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் யார் பதில் சொல்வது?" என்று ஆசிரியர் அறையில் கேட்டார்கள். கேட்டவர்கள் கொடியவர்கள் அல்லர். நாற்பது நிமிடத்தில் நாற்பது பேருக்குப் பாடம் முடிக்க வேண்டியவர்கள். விழுக்காடு குறைந்தால் விளக்கம் எழுத வேண்டியவர்கள். ஆனால் அசை பிரித்துச் சொன்னதும் அட்டை வைத்துப் படித்ததும் அவனுக்கு மட்டுமா உதவின? இன்னும் ஆறேழு பேர் தாமாகவே அட்டை வெட்டிக்கொண்டார்கள். 2020 மார்ச்சில் தொற்று நோயால் பள்ளிகள் மூடியபோது ஆறாம் வகுப்பில் இருந்தவர்கள் அவர்கள். பாடம் தொலைத்த மாதங்களின் சுமையை வாய் திறந்து சொல்லாமல் பத்தாம் வகுப்பு வரை தூக்கி வந்தவர்கள். ஒருவனுக்குப் போட்ட பாலத்தில் பலர் நடந்தார்கள்.

அந்த நாள்களில்தான் இன்னொரு கடைசிப் பலகையும் நம் கண்ணில் பட்டது. பெண்கள் வரிசையில் ஒரு மாணவி. எட்டாம் வகுப்பு வரை முதன்மையாக வந்தவள் என்று பதிவேடு சொன்னது. இப்போது வினா கேட்டால் பார்ப்பாள், பேச மாட்டாள். விடைத்தாளைப் பாதியில் நிறுத்தி மடித்துக் கொடுப்பாள். நம் குறிப்பேட்டில் அவள் பெயருக்கு எதிரே 'திமிர்' என்று எழுதி வைத்திருந்தோம். அதுவும் மூன்றெழுத்து!

இந்த முறை தீர்ப்புக்கு முன் விசாரித்தோம். 2021இல் அவளுடைய தந்தை கொரோனாவில் இறந்திருந்தார். மருத்துவமனையிலிருந்து முகம்கூடக் காணாமல் அனுப்பி வைத்த சாவு. அதன் பின் அவள் பேச்சுக் குறைந்தது, உறக்கம் குறைந்தது. காற்று கருப்பு என்றார்கள் உறவினர்கள். தர்காவில் ஒரு கயிறு, கோயிலில் ஒரு கயிறு. மந்திரிப்பவருக்கு அத்தையின் வெள்ளிக் கொலுசு போயிற்று. அந்தக் கயிறுகளைக் கண்டதும் நமக்குச் சினம் பொங்கியது. சொற்பொழிவு ஒன்று நாவின் நுனிவரை வந்தது. அடுத்த கணம் நம் குறிப்பேடு நினைவுக்கு வந்தது. அவர்கள் பேய் என்றார்கள். நாம் திமிர் என்றோம். துயரம் என்று இருவருமே சொல்லவில்லை. கயிறு கட்டியவர்களாவது அவளுக்கு ஏதோ ஒன்று தேவை என்று உணர்ந்தார்கள். நாம் அதையும் உணரவில்லை!

சொற்பொழிவை விழுங்கினோம். கணித ஆசிரியை ஒருவர் உணவு இடைவேளையில் நாள்தோறும் அவளோடு உட்காரத் தொடங்கினார். கேள்வி கேட்கவில்லை, அறிவுரை சொல்லவில்லை, சேர்ந்து சாப்பிட்டார். மூன்றாம் வாரத்தில் அவள் தானாகவே பேசினாள். தந்தையைப் பற்றியல்ல, தந்தையின் மிதிவண்டியை விற்றுவிட்டதைப் பற்றி. அவளுடைய தாயிடம் பேசி, அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவரிடம் அனுப்பினோம். மனநலம் பற்றித் தொலைபேசியில் கட்டணமின்றிப் பேச 14416 என்ற எண் 2022 அக்டோபரிலிருந்து நாடு முழுவதும் உண்டு. அதையும் எழுதிக் கொடுத்தோம். கயிற்றை அவிழ்க்கச் சொல்லவில்லை. தை மாதத்தில் ஒருநாள் பார்த்தோம். கையில் கயிறு இல்லை. யார் அவிழ்த்தது என்று நாம் கேட்கவில்லை.

இவை அனைத்தும் ஆசிரியரின் இரக்கத்தால் மட்டும் நடக்க வேண்டியவையா? இல்லை, சட்டம் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிள்ளையை அடிப்பதை மட்டுமல்ல, மனத்தை வதைப்பதையும் தடை செய்கிறது. 1995ஆம் ஆண்டின் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே கணக்கில் கொண்டது. கற்றல் குறைபாடு அதில் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியபோதுதான் இந்தப் பிள்ளைகளுக்கும் இடம் கிடைத்தது. உரிய மருத்துவச் சான்று இருந்தால், பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் உண்டு. சொல்வதை எழுதுபவர் உண்டு. உயர்நிலை வகுப்புகளில் இத்தகைய 15 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர் வேண்டும் என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கூறியது.

சட்டம் தாளில் இருக்கிறது. தாளிலிருந்து பிள்ளையின் கைக்கு அது எப்படி வருவது? சான்று பெற அந்தத் தாய் மூன்று நாள் கூலியை இழந்தார். முதல் நாள் மருத்துவர் விடுப்பு; இரண்டாம் நாள் படிவம் தவறு; மூன்றாம் நாள் கிடைத்தது. அதைவிடப் பெரிய தடை ஒன்று இருந்தது. "என் பிள்ளைக்கு ஊனம்னு எழுதித் தர்றாங்களா சார்?" என்று அழுதார். ஊனமுற்றோர் என்ற சொல்லை நீக்கி, மாற்றுத்திறனாளி என்ற சொல்லைக் கலைஞர் ஏன் கொண்டுவந்தார் என்பது அன்றுதான் நமக்கு முழுமையாக விளங்கியது. ஒரு சொல் தாழ்த்தவும் செய்யும், உயர்த்தவும் செய்யும் என்பதை அறிந்த இயக்கம் இது. 'மக்கு' என்ற சொல் அவன் தலையில் எழுதியதை, இந்தச் சான்று தாளில் அழிக்கிறது என்று அந்தத் தாய்க்குச் சொன்னோம். நம்பியும் நம்பாமலும் வாங்கிக்கொண்டார்.

2024இல் தேர்வு எழுதினான். முதல் மதிப்பெண் பெற்றான் என்று சொல்ல வேண்டும் என்று உங்கள் உள்ளம் விரும்பும். நம் உள்ளமும் விரும்பியது. சமூக அறிவியலில் 47. மொத்தத்தில் தேர்ச்சி. இன்றும் மெதுவாகவே படிக்கிறான்; 'போராட்டம்' என்ற சொல்லில் ஒரு கணம் நின்றுதான் போகிறான். அவனுக்குள் ஒரு மேதை ஒளிந்திருந்தான் என்று நிறுவ நாம் இதை எழுதவில்லை. மேதையாக இருந்தால்தான் மரியாதை என்றால், அதுவும் இன்னொரு வருணாசிரமம்! 47 பெறுகிறவனுக்கும் பள்ளி உரியது. அவமானமின்றி உட்கார ஓர் இடம் உரியது.

1905இல் பிரான்சில் ஆல்ஃபிரட் பினே அறிவுத்திறன் தேர்வு ஒன்றை அமைத்தார். கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிவதே அதன் நோக்கம். அறிவு என்பது பிறப்பிலேயே அளந்து வைத்த பண்டம், அதைக் கூட்ட முடியாது என்று பேசியவர்களை 1909இல் அவரே கண்டித்து எழுதினார். இருந்தும், அவருடைய கருவியை எடுத்துப் பிறவி உயர்வு தாழ்வுக்கு அளவுகோலாக்கியவர்கள் அதன்பின் எத்தனை பேர்! உதவ எடுத்த கருவியையும் ஒதுக்கப் பயன்படுத்தும் உலகம் இது. எனவே கண்டறிவதோடு வேலை முடிவதில்லை. யாருக்காகக் கண்டறிகிறோம் என்பதை மறவாதிருக்க வேண்டும்.

இளைஞர்களே! ஆசிரியர்கள் மட்டும் செய்து முடிக்கும் வேலை அன்று இது. இயக்கம் வளர்ந்த காலத்தை எண்ணுங்கள். தேநீர்க் கடையிலும் முடிதிருத்தகத்திலும் படிப்பகத்திலும் ஒருவர் ஏட்டை உரக்கப் படிப்பார். எழுத்தறியாத பத்துப் பேர் சுற்றி அமர்ந்து கேட்பார்கள். கேட்டதை வைத்து வாதிடுவார்கள். எழுத்து வராதவனுக்கு அறிவு வராது என்று அன்று எவரும் சொல்லவில்லை. அந்த உரத்த குரலை மீண்டும் எழுப்புங்கள். உங்கள் ஊர்ப் படிப்பகத்தில் மாலை ஒரு மணி நேரம், எழுத்தின் முன் திணறும் பிள்ளைகளுக்குப் பாடத்தை உரக்கப் படித்துக் காட்டுங்கள். சான்றுக்கு அலையும் தாயோடு ஒரு நாள் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உங்கள் பள்ளிக்குச் சிறப்புப் பயிற்றுநர் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறார் என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். கயிறு கட்டிய கையைக் கண்டால், கயிற்றைப் பற்றிப் பேசுவதற்கு முன் கையைப் பற்றுங்கள்.

நம் மேசையில் அந்தப் பழைய குறிப்பேடு இன்னும் இருக்கிறது. 'திமிர்' என்று எழுதிய இடத்தை அடிக்கவில்லை. நாம் எழுதியது நமக்குத் தெரிய வேண்டும் என்று அப்படியே விட்டிருக்கிறோம். இந்த ஆண்டும் கடைசிப் பலகையில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். பெயர் கூப்பிட்டால் எழுவான். படி என்றால் பேச மாட்டான். காரணம் இன்னும் நமக்குத் தெரியவில்லை. அவன் பெயருக்கு எதிரே ஒரே ஒரு சொல் மட்டும் எழுதியிருக்கிறோம்.

ஏன்?